கத்தாத பிழை

கொம்பியூட்டரில் பிழை வந்ததும் கைதட்டுகிற மனுசி ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி படபடவென்று ஓடி, புரோகிராம் தானாக மூடிக்கொள்ளும். அடுத்த கணம் அவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பி நின்று இரண்டு கையையும் தட்டுவார்.

"வந்திட்டுது! இஞ்ச ஓடி வாரும், வந்திட்டுது!"

முதல் நாள், வெளிநாட்டிலிருந்து யாரோ வந்து இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து, கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு ஓடிப்போனேன்.

"என்னக்கா? ஆர் வந்தது?"

"பிழை" என்றார், பல் முழுக்கத் தெரிய. "நல்ல வடிவான பிழை. எந்த இடத்திலை எண்டும் சேர்த்துச் சொல்லுது."

ஊர் அவரைக் கொம்பியூட்டர் அக்கா என்றது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூப்பு. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கடற்தொழில் குடும்பம். கொழும்பில் படித்து, அங்கேயே மென்பொருள் எழுதும் கம்பனி ஒன்றில் வேலை பார்த்து, தாய்க்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுக் கப்பலேறி வந்தவர் திரும்பிப் போகவில்லை. ரொறன்ரோவிலிருந்த தம்பி வாங்கிக் கொடுத்த வெள்ளை நிற அப்பிள் லப்ரொப் ஒன்றை, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் பங்குக் கோயில் மண்டபத்தில் கடிதம் தட்டச்சுச் செய்கிறவள். கூட்டுவதும் நான்தான்.

போர் முடிந்த வருடம் அது. தீவுகளிலிருந்து முன்பு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் இங்கே சனம் அலைந்து திரிந்தது. வன்னியிலிருந்து தப்பி வந்தவர்களை அடைத்திருந்த வவுனியா முகாம்களுக்குப் போய்வந்த ஃபாதர்மாரும் சிஸ்டர்மாரும் பெயர்ப் பட்டியல்கள் கொண்டுவந்தார்கள். கையால் எழுதியவை, ஆங்கில எழுத்தில், பென்சிலில்கூட. ஒவ்வொரு பட்டியலும் எங்கள் பங்கில் ஓரிரு நாள்தான் நிற்கும். பிறகு அடுத்த பங்குக்குப் போய்விடும். கொப்பி எடுக்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போகவேண்டும்.

மண்டபத்து வாசலில் விடியவே சனம் நிற்கும். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விரலை ஒவ்வொரு வரியாக இறக்கித் தேடுவேன். அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் நின்ற அக்கா மூன்றாம் நாள் லப்ரொப்போடு வந்தார்.

"மரியநாயகம் எண்ட பேரை இவையள் நாலு மாதிரி எழுதியிருக்கினம். ஜேசுதாசனுக்கு ஒருத்தர் 'ஜே' போடுறார், ஒருத்தர் 'வை' போடுறார். உம்மடை விரல் ஒரு மாதிரியைத்தான் தேடும். எப்பிடி எழுதினாலும் ஒரே பேர் எண்டு கண்டுபிடிக்கிற புரோகிராம் ஒண்டு நான் எழுதப்போறன்."

ஒப்ஜெக்டிவ் சி என்று ஒரு மொழி. அப்பிள் மெசினில் எழுத அதுதான் வழி என்றார். அந்த மொழியில் பெயர்களைப் போட்டு வைக்கும் பட்டியலுக்கு 'அரே' என்று பெயர். அதில் இரண்டு வகை. ஒன்று, செய்தபின் கைவைக்க ஏலாத பூட்டின பட்டியல். மற்றது, சேர்க்கவும் எடுக்கவும் விடும் திறந்த பட்டியல். அதற்கு 'மியூட்டபிள் அரே' என்று பெயர். எனக்கு இவ்வளவும் தெரிந்தது அவர் பிழை விட்ட புண்ணியத்தால்தான். பிழை விடாமல் அவர் எழுதியிருந்தால் எனக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது.

அவருடைய இந்தக் குணம் கொம்பியூட்டரோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிறு பூசையில் முதல் வாசகம் வாசித்தார். வாசித்து முடித்து பதிலுரைப் பாட்டுத் தொடங்கப்போகும் நேரம், "பொறுங்கோ, நடுவிலை ஒரு வரியை விட்டிட்டன். முதலிலை இருந்து வாசிக்கிறன்" என்று ஒலிவாங்கியில் சந்தோஷமாகச் சொன்னார். கோயில் முழுக்கச் சிரித்தது. ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா ஒரு வெட்கமும் இல்லாமல் அவ்வளவையும் திரும்ப வாசித்தார்.

இன்னொரு நாள் யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது சோதனைச் சாவடியில் நேவிப் பெடியன் ஒருவன் பையைத் திறக்கச் சொன்னான். லப்ரொப்பைக் கண்டதும் முகம் இறுகியது. இயக்கிக் காட்டும்படி சிங்களத்தில் சொன்னான். அக்கா மேசையில் வைத்து இயக்கினார். புரோகிராம் திறந்தது, உடனே வரிவரியாக ஓடி மூடிக்கொண்டது. அக்கா அந்த இடத்திலேயே கைதட்டினார். பெடியன் திடுக்கிட்டுத் துவக்கைத் தோளில் சரிசெய்தான். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அக்காவோ அவனுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்! பின்னால் பஸ்சனம் முழுக்க அடையாள அட்டையோடு வரிசையில். அவன் கேட்டான், ஏதோ ஒன்று திருப்பிக் கேட்டான், பிறகு கையால் போகச் சொன்னான்.

"என்னக்கா கேட்டவன்?"

"பெட்டிக்கு வெளியிலை திறந்த பட்டியல் எண்டு எழுதிப்போட்டு, உள்ளுக்குள்ளை பூட்டின பட்டியலை வைச்சிருந்தனான். சேர்க்கப் போக அது வெடிச்சிட்டுது. அதைச் சொல்ல, 'பூட்டியிருக்கோ எண்டு பார்க்காமல் ஏன் போடப் போனனீங்கள்' எண்டு கேக்கிறான். என்ன மாதிரியான கேள்வி, பாத்தீரோ!"

வீடு போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அன்றே அந்தப் பிழையைத் திருத்தினார்.

வேறொரு பிழை என்னால் வந்தது. பெயர் வாசிக்கிறது நான், அடிக்கிறது அவர் என்று வேலை நடந்தது. சிலநேரம் மாறி இருப்போம். அப்படி நான் அடிக்கும்போது ஒரு வரியில் பெயர் மழைத்தண்ணி பட்டு அழிந்திருந்தது. ஒன்றும் அடிக்காமல் பொத்தானை அமத்தினேன். புரோகிராம் விழுந்தது. அக்கா பாய்ந்து வந்து வாசித்தார்.

"வெறுமையைச் சேர்க்க ஏலாது எண்டு சொல்லுது. சரியாத்தான் சொல்லுது."

"அப்ப அந்த வரியை விட்டிடுவமோ?"

"விடக்கூடாது. பேர் அழிஞ்சாலும் அங்கை ஒரு ஆள் இருக்கெல்லோ? வயசு தெரியுது, முப்பத்திநாலு. பொம்பிளை. 'பேர் வாசிக்க முடியேல்லை' எண்டு அடியும்."

அன்றிலிருந்து பெயர் இல்லாதவர்களும் எங்கள் பட்டியலில் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தியை, வயதையும் ஊரையும் வைத்து, அவளுடைய சின்னம்மா ஒருவர் பிறகு கண்டுபிடித்தார்.

மூன்று முகாம்களின் பட்டியல்கள் இப்படி ஏறின. தேடிச் சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அக்கா பெயரைக் கேட்டு, அடித்து, "இருக்கு!" என்று கத்துவார். அந்தச் சத்தத்துக்காகவே தேவையில்லாதவர்களும் வந்து மண்டபத்து வாங்குகளில் இருந்தார்கள். "இல்லை" என்று வந்தால் திரையைத் தன் பக்கம் திருப்பி வேறு வேறு எழுத்தில் மூன்று தரம் பார்த்துவிட்டு, மெல்லச் சொல்லுவார்.

நாலாவது பட்டியல் ஒரு புதன்கிழமை வந்தது. இருநூறு பெயருக்கு மேல். பகல் முழுக்க நான் வாசித்தேன், அவர் அடித்தார். ஒரு பிழையும் வரவில்லை. ஒவ்வொரு பெயரும் போட்டவுடன் திரையில் பெயர் அடிக்கும் பெட்டி வெறுமையாகி அடுத்ததைக் கேட்டது. அக்காவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இண்டைக்கு ஒரு சுவாரசியமும் இல்லை" என்றார்.

இரண்டு நாள் பொறுத்து வெள்ளிக்கிழமை விடிய, பட்டியலை நெடுந்தீவுப் பங்குக்குக் கொண்டுபோக ஒரு சிஸ்டர் வந்து வாங்கிக்கொண்டு பஸ்சேறினார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் நெடுந்தீவிலிருந்தே ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம். கையில் ஒரு பழைய கலியாணப் படம்.

"தங்கச்சி. மூண்டு பிள்ளையள். மூத்தது ரெண்டும் இரட்டை" என்றார்.

அக்கா பெயரைக் கேட்டு அடித்தார். எழுத்தை மாற்றி அடித்தார். புருசன் பெயரில் தேடினார்.

"இல்லை அண்ணை. எங்களிட்டை வந்த நாலு லிஸ்ற்றிலையும் இல்லை. இனியும் வரும், திரும்ப வாங்கோ."

அவர் படத்தைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நெடுந்தீவுப் படகுத்துறையான குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் வந்து நின்று புறப்படுகிற சத்தம் கேட்டது.

நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும். திடீரென்று என் வாயில் ஒரு வசனம் வந்தது: ஒன்பது, ஒன்பது, நாலு.

"அக்கா! புதன்கிழமை நான் 'ஒன்பது, ஒன்பது, நாலு' எண்டு மூண்டு வயசு வாசிக்கேல்லையே? எழுதினவர் ஒரே வயசை ரெண்டு தரம் எழுதிப்போட்டார் எண்டு நான் சொல்ல, 'இரட்டையா இருக்கும், வாசியும்' எண்டு நீங்கள் சொன்னனீங்களெல்லோ?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நாலாம் பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டு ஒரு வரி எழுதி ஓட்டினார்.

பூச்சியம்.

அவர் கைதட்டவில்லை. பிழை கண்டும் அவர் கை அசையாமல் இருந்தது அந்த ஒருமுறைதான்.

"இருநூறு பேரையும் விழுங்கிப்போட்டுது" என்றார். "ஒரு சத்தமும் போடேல்லை. ஒரு வரி கத்தியிருக்கலாமே!"

என்ன நடந்தது என்பதை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். நாலாம் முகாமுக்கென்று ஒரு பட்டியலுக்குப் பெயர் வைத்திருந்தார். அந்தப் பட்டியலை உருவாக்கச் சொல்லும் வரியை எழுத மறந்துபோனார். அது, மீன் போடும் பனையோலைப் பைக்கு உமல் என்று ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, உமலே இல்லாமல் மீனைப் பிடித்துப் பிடித்துப் போட்டதுபோல. எல்லாம் கடலுக்குள்ளே போய்விட்டது. வேறு மொழியென்றால் அந்த இடத்திலேயே வெடித்திருக்கும். இந்த மொழி, இல்லாத ஒன்றுக்குக் கட்டளை கொடுத்தால் கோபிக்காது. பேசாமல் விட்டுவிடும்.

அந்த வரியைச் சேர்க்க அவருக்குப் பத்து வினாடி போதுமாயிருந்தது. ஆனால் பெயர்கள்? பட்டியல் சிஸ்டரின் பையில். சிஸ்டர் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்காக நிற்கிறார். அவர் போகப்போகிற அதே படகில்தான், தங்கச்சி இல்லை என்று கேட்டுவிட்டு அந்த மனுசனும் போகப்போகிறார்.

இது என் மண்டைக்குள் ஏறுவதற்குள் அக்கா மிஷன் வீட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார். ஃபாதர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது.

"அக்கா, உங்களுக்கு ஓடத் தெரியுமோ?"

"கொழும்பிலை சிநேகிதியின்ரை ஸ்கூட்டர் ஓடினனான். ஏறும்!"

ஏறினேன். மூன்று தரம் நின்றது. நாலாம் தரம் பாய்ந்தது. வேலணையைக் கடக்கும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. புங்குடுதீவுப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். காற்று எங்களைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. அக்கா காற்றுக்கு மேலால் கத்திக்கொண்டே ஓடினார்.

"கவுண்ட் போட்டிருக்க வேணும்! ஒவ்வொரு பேருக்கும் பிறகு எத்தனை எண்டு காட்டியிருக்க வேணும்!"

"ரோட்டைப் பாருங்கோ அக்கா!"

சோதனையில் இறங்கி நடந்து, அட்டை காட்டி, திரும்ப ஏறி, மடத்துவெளி தாண்டி, கல்லும் குழியும் எல்லாம் குதித்துக் குறிகட்டுவானுக்கு வந்து சேர்ந்தபோது படகின் எஞ்சின் உறுமத் தொடங்கியிருந்தது. சனம், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. ஒருவர் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை, விட்டார். அது தானாகச் சரிந்து விழுந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்குதுறையில் ஓடினார்.

"நெடுந்தீவு அண்ணை! போகாதேங்கோ! இருக்கு! பேர் இருக்கு!"

படகில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நெடுந்தீவு அண்ணைமார். எல்லோரும் எழும்பினார்கள். படகு சரிந்து ஆடியது. "இருங்கோ! எல்லாரும் இருங்கோ!" என்று கயிற்றுக்காரர் கத்தினார். அந்த மனுசன் மட்டும் எழும்பவில்லை. தன்னை என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அவருக்கு முன்வாங்கில்தான் சிஸ்டர் இருந்தார், பட்டியல் உள்ள பையை மடியில் அணைத்தபடி.

நான் படகுக்குள் குதித்தேன். சிஸ்டர் பொலித்தீன் உறையைப் பிரித்துத் தந்தார். தாள்களைப் புரட்டினேன். ஆறாம் தாள், கீழிருந்து நாலாவது வரி. அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. நான் வாசித்தேன். தாயின் பெயர். பெண், ஒன்பது. பெண், ஒன்பது. ஆண், நாலு.

"திரும்பச் சொல்லும் பிள்ளை."

திரும்ப வாசித்தேன். மூன்றாம் தரம் அவர் கேட்கவில்லை, படகு கேட்டது. பின்வாங்கிலிருந்து ஒருவர், "உரத்து வாசி தங்கச்சி, எஞ்சின் சத்தத்திலை கேக்கேல்லை" என்றார். யாரோ எஞ்சினை நிறுத்தினார்கள். நான் கத்தி வாசித்தேன். படகு முழுக்க ஒரு கூச்சல் எழும்பியது. முன்பின் தெரியாத ஒரு ஆச்சி என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சினார்.

அக்கா துறையில் மூச்சு வாங்க நின்றபடியே சொன்னார்: "அண்ணை, விடிய இல்லை எண்டு சொன்னது பிழை. லிஸ்ற் சரி. நான் விட்ட பிழை."

அந்த மனுசன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நான் போய் அம்மாவிட்டை என்னண்டு சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார். தங்கச்சியின் புருசன் பெயர் அந்தத் தாளில் இருக்கவில்லை. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கயிற்றுக்காரர் தலைப்பாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிசம் நிப்பம். ஆரும் கேட்டால் எஞ்சின் பிழை எண்டு சொல்லுவம்" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் படகிலிருந்த மற்றவர்களும் தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லித் தேடுவித்தார்கள். பட்டியலைத் திரும்ப அடிப்பதற்காக எங்களிடம் தந்த சிஸ்டர், "நாளைக்குப் போட்டிலை கட்டாயம் அனுப்பிவிடுங்கோ" என்று ஏழெட்டுத் தரம் சொன்னார்.

மோட்டார் சைக்கிளின் கண்ணாடி உடைந்திருந்தது. ஃபாதர் அதற்கு என்ன சொன்னார் என்பதை விட்டுவிடுகிறேன்.

புதன் பின்னேரத்துக்குப் பிறகு யார் யாருக்கு "இல்லை" சொன்னோம் என்று அக்கா அன்றே ஒரு கடுதாசியில் எழுதினார். நெடுந்தீவுக்காரரைத் தவிர ஏழு பேர். எனக்கு மூன்று பேர்தான் நினைவிருந்தது; அவருக்கு ஏழு பேரும், அவர்கள் நின்ற இடமும் நினைவிருந்தன. பட்டியலை முழுக்கத் திரும்ப அடித்து, ஏழு பேரையும் தேடிப் பார்த்தோம். மூன்று பேருக்கு "இருக்கு" என்று வந்தது. அந்த மூன்று வீட்டுக்கும் அக்கா ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வீட்டில் அவர் வாசல் படலையடியிலேயே கத்தத் தொடங்க, நாய் துரத்தியது.

மிச்சம் நாலு வீட்டுக்கும் போகவேண்டும் என்று அவர் சொன்னபோது நான் மறித்தேன்.

"இல்லை எண்டதைத்தானே அக்கா முந்தியே சொன்னனாங்கள். அவையளைத் திரும்ப ஏன் நோகப்பண்ணுவான்?"

"முந்தி நான் தேடாமல் சொன்னனான். அவையளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியுமெல்லோ."

சரவணையில் ஒரு அம்மா. மகனைத் தேடி வந்தவர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து முற்றத்துக்கு ஓடிவந்தார். அந்த முகத்துக்கு முன்னால் நின்று அக்கா முழுவதையும் சொன்னார்: எப்படிப் பிழை விட்டார், எப்படிக் கண்டுபிடித்தார், திரும்ப எத்தனை மாதிரி எழுதித் தேடினார், அப்போதும் இல்லை. அந்த அம்மா உள்ளே போனார். கதவு சாத்தப்போகிறார் என்று நினைத்தேன். செம்பில் தண்ணி கொண்டுவந்து இரண்டு பேருக்கும் தந்தார். "அடுத்த லிஸ்ற் எப்ப வரும் பிள்ளை?" என்று கேட்டார்.

அடுத்தது பத்து நாளில் வந்தது. அதற்குள் அக்கா திரையின் மூலையில் உள்ளங்கை அளவு பெரிதாக ஒரு எண்ணைப் போட்டிருந்தார். ஒரு பெயர் உண்மையில் பட்டியலுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அது ஒன்று ஏறும். லப்ரொப்பைச் சனத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தான் பக்கவாட்டில் வளைந்து இருந்து அடிக்கத் தொடங்கினார்.

"நான் எண்ணைப் பார்க்க மாட்டன். நீங்கள் பாருங்கோ" என்று மண்டபத்துக்குச் சொன்னார். "ஒவ்வொண்டாய்ச் சத்தமாய்ச் சொல்லுங்கோ. எண் ஏறாட்டிக் கத்துங்கோ."

நான் முதல் பெயரை வாசித்தேன்.

"ஒண்டு!" என்றது மண்டபம்.

இரண்டு. மூன்று. முதலில் முன்வாங்குகளில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். இருபது தாண்டியபோது வாசலில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பதில் ஏலம்போடுவதுபோல் ஆகிவிட்டது. வீதியால் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்போதும் நிறுத்த மனமில்லை.

அறுபத்திரண்டுக்குப் பிறகு நான் ஒரு இளைஞனின் பெயரை வாசித்தேன். அக்கா அடித்தார். மண்டபம் எண்ணைச் சொல்ல வாயெடுத்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல்:

"திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன். தகப்பன் பெயரோடு, ஊரோடு வாசித்தேன்.

"அது எங்கடை பெரியவன்" என்றார் அவர், பக்கத்தில் நின்ற யாருக்கோ சொல்வதுபோல. பிறகு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "அது எங்கடை பெரியவன்!"

அதன்பிறகு மண்டபத்து இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாங்குகள் சரிந்தன, பெண்கள் அழுதார்கள், ஆட்கள் அந்த மனுசனைத் தூக்காத குறை. அக்கா மட்டும் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"எண் ஏறினதோ?" என்று கேட்டார். யாருக்கும் கேட்கவில்லை. எழும்பி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்: "எண் ஏறினதோ?"

மண்டபம் ஒரே குரலில் திருப்பிக் கத்தியது.

"ஏறினது அக்கா! அறுபத்திமூண்டு!"